கரடி காத்திருந்த காற்று

கேள்வி கேட்காவிட்டால் இரை இறங்காத கீரி ஒன்று ஒரு காட்டில் இருந்தது, குழந்தைகளே. அதன் பெயர் செம்பன்.

அதே காட்டில் மொக்கையன் என்றொரு கரடி. தேன் எடுப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. மரத்தடியில் சருகும் பச்சை இலையும் போட்டுப் புகைமூட்டும். தேனீக்கள் கலைந்ததும் ஏறி அடையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

ஒரு நாள் அந்தப் புகைக்குள்ளிருந்து பொறி பறந்தது. பக்கத்திலிருந்த வெள்ளாத்தா முயலின் கோரைக் குடில் சாம்பலாகிப் போனது. நல்லவேளை, முயல் மேயப் போயிருந்தது. ஆனால் பாவம், அது நிறைமாதம். மழைக்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. முயல் அழுதுகொண்டே வழக்குத் தீர்க்கும் யானையிடம் போய் நின்றது.

யானை கரடியை வரச் சொன்னது. செம்பன் சும்மா இருக்குமா? எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

"நான் வேணும்னு செய்யலை ஐயா," என்றது கரடி. "நான் தீ வெச்சது மருத மரத்தடியில. காத்து வந்து பொறியைத் தூக்கிட்டுப் போயிருச்சு. காத்து செஞ்சதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?"

"அண்ணன் வேணும்னு செஞ்சாருன்னு நானும் சொல்லலைங்க," என்றது முயல். "மழை வந்தா என் குட்டிங்களை எங்கே போடுவேன்? அதைத்தான் கேக்கிறேன்."

யானை காதை ஆட்டியபடி யோசித்தது. கரடி சொன்னது செம்பனுக்கும் நியாயமாகத்தான் பட்டது. கரடிமேல் அதற்குப் பிரியமும் உண்டு. தேன் பிழிந்த அடையை நக்கக் கொடுப்பது கரடிதானே. ஆனாலும் மனதுக்குள் ஒரு சந்தேகம் குறுகுறுத்தது.

"தப்பா நினைக்காதீங்க அண்ணே. கூடு கிழக்குக் கொம்புல தொங்குது. நீங்க தீ வெச்சது மரத்துக்கு மேற்கே. புகை எப்படிக் கூட்டுக்குப் போகும்?"

தொழிலைப் பற்றிக் கேட்டால் கரடிக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

"அதுதான்டா தம்பி வித்தை! காத்தில்லாம மூட்டினா புகை நேரா மேலே போயிரும். மேற்கேயிருந்து காத்து எழும்பணும். அதுக்காகவே அன்னிக்குக் காலையிலிருந்து காத்துக்கிடந்தேன். எழும்பின பிறகுதான் தீயே வெச்சேன்."

"கிழக்கேதான் அடிக்கும்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? நூல் பிடிச்ச மாதிரி அடிக்கும்."

"அந்தப் பக்கம்தானே அண்ணே வெள்ளாத்தா வீடு?"

செம்பன் தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. கரடி முயலைத் திரும்பிப் பார்த்தது.

யானை மெதுவாகப் பேசியது. "தேன் எடுக்கிறப்போ காத்து உன் கூட்டாளி. வீடு எரிஞ்சதும் அது யாரோவா? நீ வேணும்னு எரிக்கலை. அதனால உன்னைக் காட்டை விட்டுத் துரத்தலை. ஆனா எரிஞ்ச வீட்டை நீதான் கட்டித் தரணும். அதுவரைக்கும் வெள்ளாத்தா உன் குகையில இருக்கட்டும்."

கரடி தலையைக் குனிந்துகொண்டு கோரை அறுக்கப் போனது. குடில் பாதி எழும்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குகைக்குள் முயல் குட்டி போட்டது. கரடி வெளியே நனைந்தபடி கூரை வேய்ந்துகொண்டிருந்தது.

நீதி: நாம் மூட்டிய தீ தவறிப்போய் அடுத்தவர் வீட்டை எரித்தாலும், அந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டியவர் நாமே.