பாறை வளைவில் ஊதாத எஞ்சின்

நெடும்பாறை ஜங்ஷன் ரயில்வே காலனியில் கடிகாரம் பார்த்துச் சமைக்கிறவள் எவளும் கிடையாது. மத்தியானம் பாறை வளைவில் மெயில் வண்டி ஊதினால்தான் எந்த வீட்டிலும் அடுப்பு எரியும். அந்த மெயிலை ஓட்டும் டிரைவர் வீட்டிலும் அப்படித்தான்.

அந்த வளைவில் தண்டவாளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கேங்மேன் சங்கனை ஒருநாள் அதே மெயில் அடித்துப் போட்டது.

விசாரணைக்கு வந்த ரயில்வே துரை, சங்கன் பெண்டாட்டி இருளாயியை முறைத்தார். "ஊதினேன் என்று டிரைவர் சத்தியம் செய்கிறார். குடித்துவிட்டு நின்றவன் மேல்தான் தப்பு. வீட்டைக் காலி செய்."

"அவரு குடிக்கிறதில்ல சாமி. வண்டி ஊதவே இல்ல."

"ஊதாததைக் கேட்ட சாட்சி யாராவது உண்டா? கூப்பிடு, பார்க்கலாம்!"

டிரைவரைப் பகைத்துக்கொள்ளக் காலனியில் யாருக்கும் தைரியமில்லை. இருளாயி, துரை பக்கத்தில் விறைப்பாக நின்ற டிரைவர் தேவசகாயத்திடமே திரும்பினாள்.

"அண்ணே, எம் புருசன் பட்டினியாப் போய்ச் சேர்ந்தாரு. நீங்களாவது அன்னிக்கு வீட்டுக்குப் போய்ச் சுடச்சுடச் சாப்பிட்டீங்களா?"

தேவசகாயத்துக்கு வீட்டுக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கே? நான் போறேன், வீட்டுக்காரி அடுப்பே மூட்டாம உட்கார்ந்திருக்கா! பச்சைத் தண்ணியைக் குடிச்சிட்டுப் படுத்தேன்."

வராந்தாவில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹெட் கிளார்க் குனிந்து காலனி வழக்கத்தைத் துரை காதில் சொன்னார். தேவசகாயம் வாயைப் பொத்திக்கொண்டார். துரை, எழுதி வைத்திருந்த தன் தீர்ப்பைத் தானே கிழித்தார்.

வீடு இருளாயிக்கே நின்றது. இப்போதெல்லாம் மெயில் அந்த வளைவில் நீளமாக ஊதிவிட்டுத்தான் வருகிறது. காலனி முழுக்க அடுப்பு புகைகிறது. இருளாயியும் பழக்கத்தில் இரண்டு பேருக்கு உலை வைத்துவிடுகிறாள்.