முதல் கவளம்

"தின்னுலே," என்று எசக்கிமுத்து அண்ணாச்சி சோற்று இலையை மைதீன் பிச்சையின் பக்கம் தள்ளினார்.

கல்குவாரி முதலாளியான அண்ணாச்சிக்கு, யாராவது சோற்றில் விஷம் வைத்துவிடுவார்கள் என்று பயம். சமையல்காரன் முதல் கவளத்தைத் தின்று காட்டாமல் அவர் கை நனைக்க மாட்டார். முன்பிருந்த சமையல்காரன் ஒருநாள் வயிறு சரியில்லை என்று மறுத்தான்; கை ஒடிந்துதான் வெளியே போனான். மைதீன் பிச்சை வேலைக்குச் சேர்ந்தபின் வரும் முதல் நோன்பு இது.

"நோன்பு வெச்சிருக்கேன் அண்ணாச்சி."

"என்னத்தலே கலந்துருக்க?"

வாசலில் நின்ற அடியாள் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். மைதீன் பிச்சை கைலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"இந்த நிமிசம் நான் ஆண்டவனுக்குப் பயந்தவன் அண்ணாச்சி. இதைத் தின்னுட்டா, அவனை விட்டுட்டு உங்களுக்குப் பயந்தவனா ஆயிருவேன். உங்களுக்குப் பயந்தவங்க விஷம் வெச்சிருவாங்கன்னுதான நீங்க சோத்துல கை வைக்க மாட்டேங்கிய?"

அடியாள் சிரிப்பை இருமலாக்கினான். அண்ணாச்சி அவனைப் பார்த்தார், பிறகு சோற்றைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தும் கை மட்டும் அதன் பக்கம் போகவில்லை.

"நோன்பு தொறக்கப் பாங்கு சொல்லட்டும்," என்றார் கடைசியில். "அப்பத் தின்னு காட்டு."

மீன்குழம்பு ஆறி ஏடு கட்டியது. வெயில் சன்னலை விட்டு இறங்கியது. அன்று அந்த வீட்டில் இரண்டு பேர் பட்டினி, நன்மை ஒருவனுக்குத்தான். அண்ணாச்சியின் வயிறு உறுமியபோது அடியாள் கூரையைப் பார்த்தான்.

பள்ளிவாசலில் பாங்கு எழுந்தது. மைதீன் பிச்சை மடியிலிருந்து இரண்டு பேரீச்சம்பழம் எடுத்து, ஒன்றை இலையின் ஓரத்தில் வைத்தான். அவன் தன்னுடையதைக் கடிக்கும் முன்பே, அண்ணாச்சி இலையில் இருந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.