பதினைந்து வராத உப்புத் தண்ணீர்

“அம்மா, மடத்து அடுக்களையில திருட்டு நடக்குது,” என்றார் சங்கரபாண்டியன்.

உலகம்மை அப்போதுதான் வெளியூர் போய்விட்டுத் திரும்பியிருந்தாள். கால் புழுதியைக்கூட இன்னும் கழுவவில்லை. வயதில் அவரைவிட இளையவள்தான், ஆனாலும் அந்த மடத்துக்கு அவள்தான் குரு. நெல் மண்டியில் காலமெல்லாம் படி பிடித்து அளந்த மனுஷர், பெண்டாட்டி செத்த பிறகு மனசு ஆறாமல் அவளிடம் வந்து சீடராகச் சேர்ந்திருந்தார்.

“என்ன காணோம், அண்ணாச்சி?”

“உப்பு.”

“உப்பையா திருடுவாங்க?”

“எனக்கும் சொல்லக் கேவலமாத்தான் இருக்கு. ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்குல்லா?”

கணக்கு இதுதான். நெல்லிக்காய் ஊறப்போட உப்புத் தண்ணீர் வேண்டும். அண்டாவில் பன்னிரண்டு படி தண்ணீர், அவரே அளந்து ஊற்றினார். கல் உப்பு மூன்று படி, தலை தட்டி அவரே அளந்து போட்டார். மண்டிப் பழக்கம் லேசில் விடுமா? ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்றுதான் தொடங்கினார். லாபம், இரண்டு, மூன்று. அப்புறம் அடுக்களை வேலை பார்க்கும் மாடத்தியைக் கலக்கச் சொல்லிவிட்டுப் பூசைக்குப் பூப்பறிக்கப் போனார். வந்து ஜாடிகளில் அளந்து ஊற்றினால் பதின்மூன்று படிதான் தேறியது.

பன்னிரண்டும் மூன்றும் பதினைந்து. இதில் குரு வந்து சொல்லித்தர என்ன இருக்கிறது?

“மாடத்திகிட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன். கலக்குனேன், வேற ஒண்ணும் தெரியாதுன்னா. கலக்குனா ரெண்டு படி காத்துல போயிருமா, எங்க கொண்டுபோய் வித்தேன்னு கேட்டேன். எல்லாரும் இருக்கும்போதுதான் கேட்டேன். ஒளிச்சு மறைச்சுப் பேசத் தெரியாது எனக்கு.”

“அவ என்ன சொன்னா?”

“மடியை உதறிக் காட்டுனா. ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுனா. பெறவு துணி மூட்டையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. தப்பு செய்யாதவ எதுக்குப் போகணும்?”

உலகம்மை அடுக்களைக் கதவைக் காட்டினாள்.

“இன்னொரு தடவை கரைங்க. நீங்களே கலக்குங்க. கதவைச் சாத்திக்கோங்க.”

“எதுக்கும்மா? கணக்குதான்…”

“சாத்திக்கோங்க, அண்ணாச்சி.”

சாத்திக்கொண்டார். அதே பன்னிரண்டு, அதே மூன்று. தோள்பட்டை வலிக்க வலிக்கக் கலக்கினார். அடியில் ஒரு கல் இல்லாமல் உப்பு கரைந்தது. அளந்தார்.

பதின்மூன்று. அதற்கு மேல் ஏதோ ஒரு கரண்டி இருக்கும்.

அண்டாவைத் தூக்கி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். தரை காய்ந்துதான் கிடந்தது. மறுபடி அளந்தார். படியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். கரித்தது, அப்படிக் கரித்தது.

கதவைத் திறந்து வெளியே வந்தார்.

“பதிமூணுதாம்மா வருது.”

“உள்ள யாரு இருந்தா?”

“நான் மட்டும்தான்.”

“அப்ப ரெண்டு படியை எங்க கொண்டுபோய் வித்தீங்க?”

அந்தக் கேள்வி எப்படி இருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தன்னை அறியாமல் கை வேட்டி மடிப்பை உதறப் போனது.

“உப்பு எங்கயும் போகல,” என்றார் கடைசியில். “உள்ளதான் இருக்கு. தண்ணிக்குள்ள ஒடுங்கிக் கெடக்கு. நாக்குக்குத் தெரியுது, படிக்குத் தெரியல. பாவி, நான் அவளைப் போய்…”

அன்றைக்கே கிளம்பினார். ஊர் ஊராக விசாரித்து, கடைசியில் ஒரு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடையில் மாடத்தியைக் கண்டுபிடித்தார். பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“தப்பு என் மேல, தாயி. நானே கரைச்சுப் பாத்தேன். எனக்கும் பதிமூணுதான் வந்துது. உப்பு கரைஞ்சா அப்படித்தான் குறையுது. எனக்கு நெல்லுதான் தெரியும், இது தெரியாமப் போச்சு.”

அவள் மரியாதையாக எழுந்து நின்று கேட்டாள்.

“இருக்கட்டும் அண்ணாச்சி. நான்தான் எங்கயாச்சும் சிந்தியிருப்பேன்.”

“நீ சிந்தல, மாடத்தி.”

“சிந்தியிருப்பேன். எனக்குக் கை நிதானம் கெடையாது.”

அதற்குள் கடை முதலாளி உப்புக் கேட்டுக் குரல் கொடுத்தார். மாடத்தி சாமான் அறைக்குள் போய் ஒரு கிண்ணத்தில் எடுத்துவந்து வைத்தாள். வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே, மடியை உதறினாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

“வந்த நாள்ல இருந்து இப்படித்தான்,” என்று முதலாளி சிரித்தார். “இதை யாரு கேட்டா?”

சங்கரபாண்டியன் வந்த வழியே திரும்பினார்.

மடத்தில் உலகம்மை ஜாடிகளின் வாயில் துணி வைத்து வேடு கட்டிக்கொண்டிருந்தாள்.

“அவ நம்பிட்டாம்மா.”

“எதை?”

“முதல்ல நான் சொன்னதை. இப்ப சொல்றது ஏற மாட்டேங்குது. உள்ள எறங்குனதை எப்படி வெளிய எடுக்கிறது?”

உலகம்மை ஒரு தாம்பாளத்தில் உப்புத் தண்ணீரை ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

“இதுல உள்ள உப்பை எடுங்க.”

அவர் முற்றத்துக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்தார். வெயில் சாய்ந்தது. தண்ணீர் குறைந்ததாகவே தெரியவில்லை.

“எவ்வளவு நாளாகும்மா?”

“நமக்கென்ன தெரியும்? வெச்சவங்க பக்கத்துல இருக்கணும். பாக்காம விட்டா மழை வந்து கெடுத்துரும்.”

மறுநாள் காலையில் அந்தச் சாப்பாட்டுக் கடையில் இலை எடுக்கப் புதிதாக ஒரு ஆள் சேர்ந்தார். மாடத்தி எப்போதும்போல சாமான் அறையிலிருந்து உப்பை எடுத்துவந்து வைத்தாள், மடியை உதறினாள், கையை விரித்தாள்.

சங்கரபாண்டியன் எச்சில் இலையைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவள் பக்கத்தில் நின்று, தன் இரண்டு கையையும் விரித்தார்.