நமுத்துப்போன கீரை பஜ்ஜி

ராமேஸ்வரம் போகிற வழியில் ஒரு சின்ன மடம். அதன் தலைவி மங்கையர்க்கரசி அம்மையார். நாற்பது வயதுதான். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தணிகாசலத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. கல்யாண வீடுகளில் சமைத்து ஓய்ந்த மனுஷர் என்பதால் மடைப்பள்ளியை அவரிடமே விட்டிருந்தார்கள். கை நல்ல கை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

காஷ்மீரத்திலிருந்து ஒரு யாத்திரைக் கூட்டம் வந்து தங்கியது. அதில் ரெய்னா அம்மாள் என்று ஒருவர். சென்னையில் பல வருஷம் இருந்தவர், தமிழ் நன்றாக வரும். தங்கள் ஊரில் கீரையை முழு இலையாக அரிசி மாவில் தோய்த்துக் கடுகெண்ணெயில் மொறுமொறுவென்று பொரிப்பார்களாம். வீட்டுக்காரர் போன பிறகு அதைச் செய்யவே மனசு வரவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார்.

போதாதா தணிகாசலத்துக்கு? பஜ்ஜிதானே, கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுவேன், நாளை மதியம் பாருங்கள் என்றுவிட்டார்.

மடைப்பள்ளியில் கூடமாட வேலை செய்கிறவள் இருளாயி. மறுநாள் அவள் கீரையை ஆய்ந்து, அலசி, துணியில் பரப்பி, ஈரம் போனபிறகே கொடுத்தாள். தணிகாசலம் அரிசி மாவில் மிளகாய்ப்பொடியும் சீரகமும் போட்டுக் கரைத்தார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். பூசை மணி அடிக்கும்வரை சமைத்ததைத் திறந்து வைக்கக் கூடாது. சோறு, குழம்பு என்றால் மூடி வைக்கலாம். பஜ்ஜியை மணி அடித்த பிறகுதான் போட வேண்டும். இவருக்கோ பந்தி உட்காரும்போதே குவித்துக் காட்டிவிட ஆசை. முன்கூட்டியே பொரித்து அண்டாவில் போட்டு மூடிவிட்டார். அன்றைக்கென்று பூசை நீண்டது.

மூடியைத் திறந்தால் உள்ளே எல்லாம் வேர்த்துக் கிடந்தது. பஜ்ஜி நமுத்துத் தொங்கியது.

வேறு வழியில்லாமல் அதையே பரிமாறினார். ரெய்னா அம்மாள் ஒரு வாய் கடித்தார், மிச்சத்தை இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்தார். தணிகாசலத்துக்கு அதுதான் தாங்கவில்லை. பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

“இருளாயி கீரையை ஈரத்தோட குடுத்துட்டா. அதான் இப்படி.”

ரெய்னா அம்மாள் நல்ல மனுஷி. இருளாயியைப் பக்கத்தில் கூப்பிட்டு, இலையை எப்படி உதற வேண்டும், துணியில் எப்படி ஒற்ற வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். நினைவு தெரிந்த நாளாகக் கீரை ஆய்கிறவள், சரிங்கம்மா, சரிங்கம்மா என்று தலையாட்டிக்கொண்டு நின்றாள். மடத்துக் காரியஸ்தரும் கேட்டுக்கொண்டிருந்தார். இனிமேல் அவள் மடைப்பள்ளிக்குள் வர வேண்டாம், வாசல், கிணற்றடி பெருக்கினால் போதும் என்று சொல்லிவிட்டார்.

அன்றிரவு தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் கிணற்றடியில் தனியாகப் பெருக்கிக்கொண்டிருந்த இருளாயியைத் தேடிப் போனார். தப்பு என்னுடையது, மன்னிச்சிரு தாயி என்றார். அவள் விளக்குமாற்றை நிறுத்தாமலே, விடுங்கண்ணே என்றாள்.

நேராக அம்மையாரிடம் வந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பேரன் பேத்தி எடுத்த வயதில் இப்படி ஒரு ஈனப் புத்தி வந்ததே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

“மன்னிப்பும் கேட்டுட்டேன். அவளும் விடுங்கன்னுட்டா. அப்புறமும் ஏம்மா அவ முகத்தைப் பார்க்க முடியல?”

அம்மையார் யாத்திரைக்காரர்கள் எப்போது கிளம்புகிறார்கள் என்று கேட்டார். மதியம் சாப்பிட்டதும் கிளம்புகிறார்கள் என்றார் தணிகாசலம்.

“சரி. இன்னிக்கும் அதே பஜ்ஜி போடுங்க.”

கீரையை அவரே ஆய்ந்தார், அலசினார். ஒவ்வொரு இலையாகத் துணியில் ஒற்றும்போது இருளாயி தலையாட்டிக்கொண்டு நின்றது கண்ணுக்குள் வந்து நின்றது. கூசிப்போனார். மணி அடித்த பிறகே எண்ணெயைக் காய வைத்தார். மாவு இலையோடு ஒட்டியும் ஒட்டாமலும் பிடித்து, சிவந்து, கலகலவென்று வந்தது பஜ்ஜி. ஒரு தட்டு நிறைந்தது.

அம்மையார் தட்டைக் கையில் வாங்கினார். கூடத்தில் இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். காரியஸ்தரும் இருந்தார். அம்மையார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பின்வாசல் வழியாக இறங்கி விறுவிறுவென்று நடந்தார். தணிகாசலத்துக்கு ஒன்றும் புரியவில்லை, பின்னாலேயே ஓடினார். கிணற்றடியில் ஒரு ஈ காக்கை இல்லை. துவைக்கிற கல்மேல் தட்டை வைத்துவிட்டு அம்மையார் நின்றார்.

“என்னம்மா இது? பந்தி அங்கல்ல நடக்குது?”

“அப்படியா ஐயா?” என்றார் அம்மையார். “பழியைப் பந்தியில பரிமாறிட்டு, மன்னிப்பை மட்டும் இங்க கொண்டுவந்து குடுத்திருக்கீங்களே. சாப்பிடுறவங்க இங்கதான் இருக்காங்களோன்னு நினைச்சேன்.”