டேங்கில் கலந்த டீசல்

வல்லரசின் தூதர் போர்க்கப்பலில் ஒரு குட்டித் தீவில் வந்து இறங்கினார். கப்பலின் பீரங்கிகள் துறைமுகத்து டீசல் டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தன.

"எங்கள் எதிரி நாட்டிடமும் டீசல் வாங்கி இதில் கலந்திருக்கிறீர்கள். சாயங்காலத்துக்குள் அதை மட்டும் பிரித்துக் கொட்ட வேண்டும். இல்லையென்றால் டேங்கே இருக்காது" என்றார் தூதர்.

தீவின் அமைச்சர் தூதரைத் தன் அறையில் உட்காரவைத்தார். பம்ப் ஓட்டும் சூசையைக் கூப்பிட்டு, "முடியுமாப்பா?" என்றார். டேங்கை ஒட்டித்தான் சூசையின் வீடு. பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள்.

தூதர் முன் கைகட்டி நின்றான் சூசை.

"பிரிச்சிடலாம் ஐயா. ஆனா, வந்த கப்பலுக்கு முதல்ல டீசல் ஊத்திட்டுத்தான் பேச உக்காருவோம், அது எங்க ஊர் வழக்கம். காலையில உங்க கப்பலுக்கும் இதே டேங்கிலேருந்துதான் ஊத்தினேன். எதிரி டீசல் உங்க கப்பல்ல இருக்கலாமா? முதல்ல அதைப் பிரிச்சுக் கொட்டுங்க. நீங்க எப்படிப் பிரிக்கிறீங்கன்னு பாத்து நாங்களும் பிரிச்சிடுறோம்."

தூதர் ஜன்னல் வழியே தன் கப்பலைப் பார்த்தார். பிறகு அவசர வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்தார்.

சாயங்காலத்துக்குள் கப்பல் கிளம்பிவிட்டது. வழிநெடுக அது எதிரியின் டீசலையும் சேர்த்து எரித்துக்கொண்டேதான் ஊர் போய்ச் சேர்ந்தது.