வாசிக்காமல் வைத்த சீட்டு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். தலை குனிந்துகொண்டு சொல்ல வேண்டிய கதை இது. உரக்கச் சொன்னால் நன்றாயிருக்காது.

நாரைக்குடியிருப்பில் ஞானசிகாமணி சார் என்று ஒரு தலைமை வாத்தியார். ஓய்வு பெற்று ஐந்து வருஷம். குரல் கோயில் மணி மாதிரி இருக்கும். அதனால் ஞாயிறு ஆராதனையில் ஜெபப் பெட்டியைத் திறந்து, சபையார் எழுதிப் போட்ட சீட்டுகளை வாசிக்கிற வேலை அவருக்கு. அவர் வாசிப்பார், சபைக் குருவான ஐயர் ஜெபிப்பார். வாசித்த சீட்டுகளை அன்றைக்கே எரித்துவிடுவார்கள். கவலை காற்றோடு போகட்டும், தாளில் கிடக்க வேண்டாம் என்பது சபை வழக்கம்.

அப்படிப்பட்ட சார், புதன்கிழமை மத்தியானம் ஆனால் மாணாக்கர். நேசமலர் டீச்சரிடம், வேதத்தை மூலத்திலேயே வாசிக்கக் கிரேக்கு பாடம். டீச்சருக்கு அவரைவிட இருபது வயது குறைவு. குருமார் படிக்கிற கல்லூரியில் கிரேக்கு சொல்லிக்கொடுத்தவர். படுத்துவிட்ட அப்பாவைப் பார்க்க ஊரோடு வந்துவிட்டார்.

அன்றைக்குக் கலாத்தியா நாட்டுச் சபைகளுக்குப் பவுல் எழுதின கடிதம், கடைசிப் பகுதி. அந்தக் காலத்தில் கடிதத்துக்கு உரியவர் சொல்லச் சொல்ல, எழுதத் தெரிந்த ஒருவர் எழுதுவார். முடிக்கிற இடத்தில் மட்டும் உரியவர் எழுதுகோலை வாங்கிக்கொள்வது உண்டு. பவுலும் வாங்கியிருக்கிறார். வாங்கினதும் அவர் சொன்ன முதல் பேச்சே, பாருங்கள், எவ்வளவு பெரிய எழுத்து, என் கையால் எழுதுகிறேன் என்பதுதான்.

சார் அந்தக் கிரேக்கச் சொல்லின் மேல் விரலை வைத்தார்.

“எம்புட்டு பெருசுன்னு அவரே சொல்லுதாரே, எதுக்கு டீச்சர்? கண்ணு தெரியலையா, கை வரலையா?”

“தெரியாது சார். ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க.”

“எதுவானாலும் மறைக்கலாம்லா? அவ்வளவு படிச்ச மனுஷன். என் வகுப்புல எவனாவது இப்படி எழுதினா, போய்த் திருப்பி எழுதிட்டு வாலேன்னு விரட்டியிருப்பேன்.”

டீச்சர் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து அவருடைய இடது கையில் வைத்தார்.

“அந்த வரியை எழுதுங்க.”

“இடது கையாலயா? விளையாடுதீங்களா?”

“எழுதுங்க சார்.”

எழுதினார். நாற்பது வருஷம் கரும்பலகையில் முத்து முத்தாக எழுதின மனுஷன். ஒரு எழுத்து மாட்டுக் குளம்பு போல விரிந்தது. அடுத்தது கோட்டை விட்டு இறங்கிப் போனது. நாலு சொல்லுக்குள் பக்கம் தீர்ந்துவிட்டது. டீச்சர் எட்டிப் பார்த்தார். சார் சட்டென்று உள்ளங்கையால் தாளை மூடினார்.

“ஏன் மூடுதீங்க?”

“அசிங்கமா இருக்கு டீச்சர்.”

“அவரு மூடல. பாருங்கன்னாரு.”

சார் கையை எடுத்தார்.

“தங்கபுஷ்பம் அக்காவும் மூடல. பெட்டியில போட்டாங்க.”

அந்தப் பேரைக் கேட்டதும் சாருக்குக் காது மடல் சுட்டது. தங்கபுஷ்பம் பீடி சுற்றுகிறவர். அறுபது வயசுக்கு மேல்தான் எழுத்துக் கற்றுக்கொண்டார். போன ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக ஒரு சீட்டு எழுதிப் போட்டிருந்தார். ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை தண்டி. சார் அதைச் சபைக்கு உயர்த்திக் காட்டி, “ஆண்டவருக்குக் கண்ணு மங்கிட்டுன்னு தங்கபுஷ்பம் அக்காகிட்ட யாரோ சொல்லியிருக்காங்க” என்றார். சபை குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

“வேடிக்கைக்குச் சொன்னது டீச்சர். அவங்களுந்தான் சிரிச்சாங்க.”

“சிரிச்சாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். அந்தச் சீட்டுல என்ன எழுதியிருந்துச்சு சார்?”

சார் எழுத்தின் பருமனைப் பார்த்திருந்தார், கீழே பேரைப் பார்த்திருந்தார், சபையின் முகத்தைப் பார்த்திருந்தார். நடுவில் இருந்ததைப் பார்க்கவேயில்லை. சீட்டும் சாம்பலாகி மூன்று நாள்.

“இன்னைக்குப் பாடம் அம்புட்டுதான்” என்று டீச்சர் புத்தகத்தை மூடினார்.

சார் வீட்டுக்குப் போகவில்லை. வெயிலோடு வெயிலாகத் தங்கபுஷ்பம் வீட்டு வாசலில் போய் நின்றார். மடியில் முறத்தை வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

“இருங்கக்கா. அந்தச் சீட்டுல என்ன எழுதியிருந்தீங்க?”

“நீங்கதானே சார் வாசிச்சீங்க?”

“வாசிக்கலக்கா.”

கத்தரி நின்றது.

“மக ரெஜினாவுக்குச் செவ்வாக்கிழமை கர்ப்பப்பையை எடுக்காங்க, சபையா ஜெபிக்கணும்னு எழுதினேன்.”

“நேத்தா?”

“நேத்துதான். நல்லாயிருக்கா.”

ஸ்தோத்திரம் என்று சொல்ல வாயெடுத்தார் சார். சொல்லத் தனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது.

“ஐயர் ஜெபத்துல அவ பேரு வரும் வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன். வரல. சரி, நான் மட்டும் சொன்னா கேக்க மாட்டாரான்னு வீட்டுக்கு வந்துட்டேன். ஆண்டவருக்குக் கண்ணுதானே மங்கிட்டு? காது நல்லாத்தானே இருக்கு.”

“மன்னிச்சிருங்கக்கா. இன்னொரு சீட்டு எழுதுவீங்களா?”

“மாட்டேன் சார்.” கோபமில்லை. கத்தரி மறுபடி ஓடத் தொடங்கியது.

அடுத்த ஞாயிறு பெட்டியில் ஒன்பது சீட்டு. எட்டை வாசித்து முடித்தார். ஒன்பதாவது அவரே எழுதிப் போட்டது. பெண்கள் பக்கம் பார்த்தார். தங்கபுஷ்பம் வரவில்லை. அவர் இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டதாகவாவது ஆகியிருக்கும். இல்லாத இடத்தில் இது வெறும் மானக்கேடு. மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

பிரித்து வாசித்தார்.

“தங்கபுஷ்பம் அக்காவின் சீட்டை வாசிக்காமல், அதைக் காட்டிச் சபையைச் சிரிக்க வைத்த ஞானசிகாமணிக்காக ஜெபியுங்கள்.”

இதுவும் சாருடைய வேடிக்கைதான் என்று நினைத்து ஆண்கள் பக்கம் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு அடுத்த வரிசைக்கும் பரவியது.

சார் அது அடங்குகிறவரைக்கும் நின்றார். பிறகு முதலிலிருந்து மறுபடியும் வாசித்தார்.