போடு வெற்றிலை போட்ட கதை

அந்தக் காலத்தில் சொற்கள் நம் வாய்க்குள் குடியிருக்கவில்லை. நம்மைப் போலவே ஊரில் வீடு வாசலோடு வாழ்ந்தன. ஒரு வேலை நடக்க வேண்டுமென்றால் அதற்குரிய சொல்லை வீடு தேடிப் போய் அழைத்து வர வேண்டும். வேய் வந்தால்தான் பந்தலில் ஓலை ஏறும். சமை வந்தால்தான் உலை கொதிக்கும். வரை வராவிட்டால் வாசலில் ஒரு புள்ளிகூட விழாது. அவர்களைச் சும்மா கூப்பிட்டுவிடவும் முடியாது, வெற்றிலைத் தட்டு நீட்ட வேண்டும்.

போடு என்று ஒருவன் இருந்தான். அவனை யாரும் அழைப்பதில்லை, அவனாகவே வருவான். பந்தி முடிந்ததும் எச்சில் இலைகளைக் கூடையில் அள்ளி ஊர்க்கோடியில் கொண்டுபோய்ப் போடுவான். தெரிந்த வேலை அது ஒன்றுதான். தெருவில் வெற்றிலைத் தட்டு வரும்போதெல்லாம் தன் வாசலில் வந்து நிற்பான். தட்டு தாண்டிப் போகும். அவனுக்கு யார்மேலும் பொறாமை இல்லை. ஆனால் ஏக்கம் இருந்தது.

அங்காயி தன் மகள் செவந்திக்குக் கல்யாணம் வைத்தாள். தாலிக்கு உரியவர் கட்டு. ஊர் வழக்கப்படி முதல் தட்டு அவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்காயியோ, அடுத்த வீடுதானே என்று சமையிடம் முதலில் நீட்டிவிட்டாள்.

"அடுப்படிக்கு அப்புறந்தான் தாலியா?" என்று கட்டு குதித்தார்.

"அடுப்படின்னா உமக்கு அவ்வளவு இளப்பமாப் போச்சா?" என்று சமை கரண்டியை வீசினாள்.

சமாதானம் பேச வந்த வேய், வரை இருவருக்கும்கூட ஆளுக்கொரு குறை இருந்தது தெரியவந்தது. கல்யாணத்தன்று விடிந்ததும் நால்வரும் முறுக்கிக்கொண்டு புளியந்தோப்பில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

வாசலில் மூங்கில் கால்கள் மொட்டையாக நின்றன. அரிசி மூட்டை அவிழ்க்காமல் கிடந்தது. ஆற்றுக்கு அக்கரையில் மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் தெரிந்தன. முகூர்த்தம் தவறினால் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். கல்யாணம் நின்ற பெண் என்ற பேர் செவந்தியை விடுமா? அங்காயிக்கு அழக்கூடத் தெம்பில்லை.

கூடையோடு போடு வந்து நின்றான்.

"தம்பி, நீயாவது ஏதாச்சும் செய்யேன்" என்றாள் அங்காயி.

"எனக்குக் குப்பையைப் போடத்தான் தெரியும், ஆத்தா."

"போடத் தெரியுதில்ல? அதைச் செய்."

போடு ஓலையைப் பார்த்தான். இதுவரை கீழே போட்டுத்தான் பழக்கம். எடுத்து மூங்கில்மேல் போட்டான். பந்தல் போட்டாயிற்று! அவனாலேயே நம்ப முடியவில்லை. மாவை எடுத்து வாசலில் போட்டான், கோலமாயிற்று. அரிசியை உலையில் போட்டான், பொங்கி வந்தது. எங்கே போடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. பாய் போட்டான், விளக்குக்குத் திரி போட்டான், செவந்தியின் கழுத்தில் நகை போட்டான்.

முகூர்த்த நேரம் வந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். விரல்கள் அசையவில்லை. கட்டுதான் வரவில்லையே! போடு தயங்கித் தயங்கி மணவறை அருகே போனான்.

"எச்சில் இலை எடுக்கிறவனா தாலிகிட்ட வர்றது?" என்று மாப்பிள்ளையின் மாமன் எழுந்தார்.

"இவன் வரலைன்னா உங்களுக்கு உட்கார நிழல்கூட இல்லைங்க" என்றாள் அங்காயி. "நீ போடுப்பா."

போடு மாப்பிள்ளையின் விரல்மேல் விரல் வைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று. முடிச்சுப் போட்டாயிற்று. அங்காயி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை, இப்போது நிம்மதியில் வந்தது. செவந்தி சிரித்துவிட்டாள்.

சோற்று வாசனை தோப்புவரை போயிருக்க வேண்டும். பந்திக்கு முந்த வேண்டாமா? நால்வரும் ஓடி வந்தார்கள். கட்டுக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை. "தாலிக்காவது என் பேர் இருக்கட்டும்" என்று கெஞ்சினார். போடு பெரிய மனசோடு விட்டுக்கொடுத்தான். அதனால்தான் இன்றும் தாலியைக் கட்டுகிறோம், முடிச்சை மட்டும் போடுகிறோம்.

பந்தி முடிந்தது. பழக்கதோஷத்தில் போடு கூடையை எடுத்தான். அங்காயி அதைப் பிடுங்கி வைத்துவிட்டு வெற்றிலைத் தட்டை நீட்டினாள். அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

"உனக்குத்தாம்பா."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். சுண்ணாம்பு தடவினான், மடித்தான், வாயில் போட்டான்.

அன்றிலிருந்து அவனுக்கு ஓய்வே இல்லை. டீ போட, ஊசி போட, ஓட்டுப் போட, சண்டை போட, எல்லாவற்றுக்கும் அவனைத்தான் கூப்பிடுகிறோம். ஆனாலும், சோற்றைத் தின்கிற நாம், முறுக்கைக் கடிக்கிற நாம், வெற்றிலையை மட்டும் அன்று முதல் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.